பின்வாசல் கணக்கு

வரக்காப்பொலையிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு தோட்டப் பாதையின் முடிவில், சிறு குன்றொன்றின் மேல் ஒரு துரை பங்களா இருக்கிறது. சிறுபராயத்தில் அதன் பின்வாசல் வரை எத்தனையோ தடவைகள் போயிருக்கிறேன். முன்வாசலைப் பார்க்க எனக்கு எழுபது வயது ஆக வேண்டியிருந்தது.

எங்கள் அப்பா (வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) வரக்காப்பொலையில் ஒரு சில்லறைக் கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் பாணும் சீனியும் சவர்க்காரமும் டின் பாலும் கட்டி எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போவார். சுமை தூக்க ஒருவர் முன்னால் நடப்பார். பேரப்பிள்ளையாகிய நான் பின்னால் ஓடுவேன். 1960ஐ அண்டிய காலம். வழிநெடுகிலும் இறப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் கம்பியில் கட்டிய சிரட்டை. காய்ந்த ஒட்டுப்பாலின் வாடையும் புகைக்கூடத்தின் வாடையும் கலந்து வரும். இன்றும் அந்த மணம் மூக்கில் பட்டால் எனக்கு அப்பாவின் நினைவுதான் முதலில் வருகிறது.

பங்களாவின் குசினிக்குப் பின்னால் கருங்கல்லில் மூன்று படிகள். அங்கேதான் எமது பயணம் முடியும். பங்களா அப்பு வெளியே வந்து சாமான்களை எண்ணி எடுப்பார். அப்பா மூன்றாவது படியில் உட்கார்ந்து, மடியிலிருந்த நீளக் கொப்பியைத் திறந்து கணக்கெழுதுவார். ஒரு நாள் வீட்டின் மூலையைச் சுற்றி முன்பக்கம் போகப் பார்த்தேன். வெட்டிவிட்ட புல்வெளியின் ஒரு துண்டும் குரோட்டன் வேலியும் மட்டும் கண்ணில் பட்டன. அதற்குள் அப்பா தோளைப் பிடித்து இழுத்துவிட்டார்.

“அங்கால போவாத மகன். அது தொரமாருட பக்கம்.”

அந்தப் பக்கத்தைப் பற்றிய ஆவல் என்னோடே வளர்ந்தது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வுபெற்ற பின்னர், 2023ஆம் ஆண்டுக் கோடையில் மகளிடம் பிரித்தானியாவுக்குப் போனேன். அவள் மன்செஸ்டரில் குடியிருக்கிறாள். “வாப்பா, லீவு நாளையில இங்க ஆக்கள் பழைய மாளிகை பார்க்கத்தான் போவாங்க” என்றாள். எமது துரைமாரின் தாய்வீடுகளைப் பார்க்கக் கிடைத்தால் விடுவேனா? நானும் புறப்பட்டேன்.

பிரித்தானியாவின் நாட்டுப்புறமெங்கும் பிரபுக்களின் மாளிகைகள் பரந்து கிடக்கின்றன. இருபதாம் நூற்றாண்டில் மரணவரியும் பராமரிப்புச் செலவும் அக்குடும்பங்களை நெருக்கின. பல மாளிகைகள் இடிக்கப்பட்டன. 1895இல் உருவான ‘நஷனல் ட்ரஸ்ட்’ என்ற அமைப்பிடம் இன்னும் பல ஒப்படைக்கப்பட்டன. 1937இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம் அதற்கு வழி திறந்தது. இன்று அவ்வமைப்புக்கு 50 இலட்சத்துக்கும் மேற்பட்ட அங்கத்தவர்கள் இருக்கிறார்கள். பிரபுவின் சாப்பாட்டு மேசையையும் படுக்கையறையையும் சாதாரண சனம் வரிசையாக நின்று பார்த்துவிட்டு, தோட்டத்தில் தேநீர் அருந்திவிட்டு வீடு திரும்புகிறது. அந்தத் தேநீர் எங்கிருந்து வந்ததென்று யாரும் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை.

முதலில் லண்டன் கியூ பூங்காவுக்குப் போனோம். கண்ணாடி மாளிகைகளுக்குள் வெப்பநாட்டு மரங்கள் நிற்கின்றன. வெளியே குளிர்காற்று; உள்ளே நம்மூர்ப் புழுக்கம். ஆங்கிலேயர்கள் மேற்சட்டையைக் கழற்றி வியர்வை துடைத்துக்கொண்டிருந்தார்கள். எனக்கோ ஊருக்கு வந்துவிட்டது போலிருந்தது. அது வெறும் உணர்ச்சியல்ல. அதற்குப் பின்னால் ஒரு சரித்திரம் உண்டு.

1876ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஹென்றி விக்ஹாம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 இறப்பர் விதைகளைக் கியூவுக்குக் கொண்டுவந்தார். அவற்றில் மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. முளைத்த கன்றுகளில் ஆயிரத்துத் தொளாயிரத்துக்கும் அதிகமானவை அதே ஆண்டில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டன. கடற்காற்றில் கன்றுகள் வாடாதிருக்கக் கண்ணாடி பதித்த பெட்டிகளை உபயோகித்தார்கள். லண்டனில் வைத்தியராயிருந்த நதானியல் வார்ட் என்பவர் 1829இல் கண்டுபிடித்த பெட்டி அது. கன்றுகளை நடுவதற்கென்றே கம்பஹாவில் ஹெனரத்கொட தாவரப் பூங்கா அமைக்கப்பட்டது. எங்கள் வரக்காப்பொலைக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. ஆசியாவின் இறப்பர் கைத்தொழிலுக்கு அந்தக் கன்றுகளே மூலம். 1888இல் டன்லொப் காற்றடித்த டயரைக் கொண்டுவந்தார். பிறகு மோட்டார் வண்டி வந்தது. 1910இல் இறப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. கேகாலையிலும் களனிப் பள்ளத்தாக்கிலும் காடுகள் இறப்பராயின. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் யட்டியாந்தோட்டை வரையிலும் 1912இல் இரத்தினபுரி வரையிலும் சிறிய ரயில் பாதை போடப்பட்டது. நான் சிறுவயதில் எண்ணிக்கொண்டு நடந்த மரங்கள், அந்தக் கண்ணாடிக் கூடத்தில் முளைத்தவற்றின் வாரிசுகள்.

பங்களாவுக்கு முன்னே பாதை வந்தது. பாதைக்கு முன்னே எமது தவளம் இருந்தது. கண்டி இராச்சியக் காலத்தில் உப்பும் கருவாடும் புடைவையும் மலைநாட்டுக்கு ஏற்றிப்போய், பாக்கும் மிளகும் இறக்கிவந்த தவள மாடுகளின் பின்னால் நடந்தவர்களில் எமது முன்னோர் கணிசமானோர். 1815இல் கண்டி வீழ்ந்தது. 1820களில் ஆளுநர் எட்வர்ட் பார்ன்ஸ் கொழும்பு - கண்டிப் பாதையை அமைத்தார். வரக்காப்பொலைக்கு அருகிலுள்ள அம்பேபுஸ்ஸ வாடிவீடு அந்தப் பாதையோடு பிறந்தது. இலங்கையின் மிகப் பழைய வாடிவீடென்று அதைச் சொல்வார்கள். 1832இல் கண்டிக்குத் தபால் வண்டி ஓடத் தொடங்கியது. இந்நாட்டின் முதலாவது ரயில் 1864 டிசெம்பரில் ஓடியது அம்பேபுஸ்ஸ வரைதான். கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்கவே அந்த ரயில். தவள மாடுகளுக்கு வேலை போயிற்று. மாட்டின் பின்னால் நடந்தவர்களின் பிள்ளைகள் பாதையோரத்தில் கடை போட்டார்கள். வரக்காப்பொலை, கேகாலை, மாவனெல்லை என்று எமது ஊர்களின் கடைத்தெருக்களை ஒரே வரிசையில் வைத்துப் பாருங்கள். பார்ன்ஸின் பாதை தெரியும்.

1829இல் வந்த கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் காலத்தில், 1832இல், இராஜகாரிய ஊழியம் ஒழிக்கப்பட்டது. கட்டாய ஊழியம் ஒழிந்தது நன்மையே. ஆனால் கூலிக்கு வேலைசெய்யத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்களைக் கொண்டுவரும் பெருக்கமும் அதன் பின்னரே வந்தது. அந்தக் கமரன் பிற்காலத்தில் இலங்கையில் தோட்டங்கள் வாங்கினார். இங்கிலாந்தின் வைட் தீவில் அவரும், புகைப்படக் கலையில் பெயர்பெற்ற மனைவி ஜூலியா மார்கரெட் கமரனும் 1860இலிருந்து வசித்த வீட்டுக்கு, இலங்கைத் தோட்டத்தின் ஞாபகமாக ‘டிம்போலா’ என்று பெயரிட்டார்கள். அது இன்று அருங்காட்சியகம். 1875இல் இருவரும் இலங்கைக்கு வந்தனர். ஜூலியா 1879இலும் கணவர் 1880இலும் மரணித்து, பொகவந்தலாவையில் அடங்கியிருக்கிறார்கள். அங்கே ஒரு வீட்டின் பெயரில் இலங்கை இருக்கிறது. இங்கே ஒரு கல்லறையில் இங்கிலாந்து இருக்கிறது. சரித்திரத்தின் நூல் இப்படித்தான் இரண்டு பக்கமும் கோத்துக்கொண்டு போகிறது.

அடுத்துப் போனது வேல்ஸிலுள்ள பவிஸ் கோட்டைக்கு. குன்றின் மேல் செந்நிறக் கோட்டை. அதன் கீழே படிப்படியாக இறங்கும் பூந்தோட்டம். பிரமாண்டமாக வளர்ந்து, மேகம்போல் கத்தரிக்கப்பட்ட யூ மரங்கள். அழகுக்கு மதமில்லை, நானும் வாய்பிளந்து நின்றேன். ஆனால் அந்தக் கோட்டையைப் பார்க்க நான் ஆசைப்பட்டதற்குக் காரணம் தோட்டமல்ல. திப்பு சுல்தானின் உடைமைகள் அங்கே இருக்கின்றன.

1757இல் பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவின் மகன் எட்வர்ட் கிளைவ், 1784இல் பவிஸ் குடும்பத்துப் பெண் ஹென்றியேட்டாவைத் திருமணம் செய்தார். 1798இலிருந்து 1803 வரை அவர் சென்னையின் ஆளுநர். 1799 மே மாதம் 4ஆம் திகதி ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து திப்பு ஷஹீதானது அவருடைய ஆட்சிக் காலத்தில். அடுத்த வருடம் ஹென்றியேட்டா தென்னிந்தியாவில் நெடும்பயணம் செய்து ஸ்ரீரங்கப்பட்டணத்தையும் பார்த்தார். திப்புவின் சிம்மாசனத்தை அலங்கரித்த பொற்புலித் தலைகளில் ஒன்றும், அவரது பூவேலைப்பாட்டுச் சீட்டித் துணிக் கூடாரமும் கிளைவ் குடும்பத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. அந்தக் கூடாரம் பிற்காலத்தில் பவிஸ் தோட்டத்து விருந்துகளுக்கு நிழலாக விரிக்கப்பட்டதாம். ஒரு சுல்தானின் போர்க்களக் கூடாரத்தின் கீழ் தேநீர் விருந்து! இலங்கையின் கரையோரமும் 1796இலிருந்து 1798 வரை சென்னையிலிருந்தே ஆளப்பட்டது என்பதை நினைத்துப் பார்த்தேன். எங்களைச் சுற்றிவளைத்த கையும் அதே கைதான்.

புலித்தலையின் முன் பேரன் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: “அப்பா, இத ஏன் திருப்பிக் குடுக்கல்ல?”

பத்து வயதுப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது? வென்றவன் எடுத்ததை அக்காலத்தில் பரிசு என்று சொன்னார்கள், இக்காலத்தில் கொள்ளை என்று சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள் என்றேன். நஷனல் ட்ரஸ்டே 2020 செப்டெம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் பராமரிப்பிலுள்ள 93 இடங்களுக்கு அடிமை வியாபாரத்தோடோ குடியேற்ற ஆட்சியோடோ தொடர்புண்டு என்று அந்த அறிக்கை பட்டியலிட்டது. அதற்காக அவ்வமைப்பு தன் சொந்த நாட்டிலேயே கடுமையான ஏச்சு வாங்கியது. வீட்டின் அழகைப் பார்க்க வந்தவர்களிடம் வீட்டின் கணக்கைக் காட்டினால் கோபம் வராமலா இருக்கும்? ஆனாலும் காட்டினார்கள். அந்தத் துணிவை நான் மதிக்கிறேன்.

என்னை உண்மையில் உலுக்கிய வீடு பவிஸ் அல்ல. அதே வேல்ஸில், ரெக்ஸம் நகருக்கருகில் எர்டிக் என்றொரு வீடு. 1680களில் கட்டத் தொடங்கப்பட்டு, 1733இலிருந்து யோர்க் என்ற ஒரே குடும்பத்தின் கையில் இருந்தது. கீழே தோண்டிய நிலக்கரிச் சுரங்கத்தால் வீடே தாழ்ந்துபோனது. கடைசி வாரிசு 1973இல் அதை நஷனல் ட்ரஸ்டிடம் ஒப்படைத்தார். அந்த வீட்டினுள் நாங்கள் முன்வாசலால் போகவில்லை. தச்சுப் பட்டறை, குதிரை லாயம், சலவைக்கூடம், குசினி என்று பின்பக்கத்தாலேயே எங்களை அழைத்துப் போனார்கள். வேலையாட்களின் நடைவழியில் வரிசையாகப் படங்கள். யாருடைய படங்கள்? தச்சன், சமையற்காரி, தோட்டக்காரன், வேட்டைக் காவற்காரன். 1790களிலிருந்தே அந்தக் குடும்பம் தன் வேலைக்காரர்களை ஓவியமாக வரைவித்து, ஒவ்வொருவரையும் பற்றிக் கவிதை எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதற்கும் முந்திய, கறுப்பினப் பையன் ஒருவனின் படமும் அவற்றுள் உண்டு. புகைப்படம் வந்த பின்னர் புகைப்படங்கள்.

எசமான்கள் எழுதிய கவிதை எசமான்களின் கவிதைதான். அதில் வேலைக்காரனின் உள்ளம் எவ்வளவு இருக்கும் என்பது வேறு கேள்வி. இருந்தாலும் முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, செய்த தொழில் இருக்கிறது. அந்தக் குசினி வாசலில் நின்றபோது கருங்கல் படியில் குந்தியிருந்து கணக்கெழுதும் அப்பா என் கண்முன்னே வந்தார். எங்கள் பங்களாவின் எந்தச் சுவரில் அவர் இருக்கிறார்?

நாடு திரும்பிய பின் எமது பழைய வீடுகளைத் தேடிப்போகத் தொடங்கினேன். சபரகமுவையிலேயே பெரிய வீடு, கொலன்னைப் பக்கத்திலுள்ள மடுவன்வெல வலவ்வ. 121 அறைகளும் 21 நடுமுற்றங்களும் இருந்ததாகச் சொல்லப்படுவது. இன்று எஞ்சியிருப்பது ஒரு பகுதியே. தொல்பொருள் திணைக்களம் பேணி வருகிறது. இரத்தினபுரியில் எஹலப்பொல வலவ்வ தேசிய அருங்காட்சியகமாயிருக்கிறது. அப்புத்தளையில் அடிஷாம் மாளிகை. முன்னாள் பிரித்தானியப் பிரதமர் ஜோன் ரசலின் பேரனான தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது. கென்ற் பிரதேசத்துக் கிராமத்தின் பெயரையும் அங்குள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலையும் மலைமுகட்டில் கருங்கல்லாக நிறுத்தினார். 1960களின் ஆரம்பத்திலிருந்து அது கத்தோலிக்கத் துறவிகளின் மடம். விடுமுறை நாட்களில் சனம் போய், வரவேற்பறையையும் நூலகத்தையும் பார்த்துவிட்டு ஜாம் வாங்கி வருகிறது. வில்லியர்ஸ் 1940இல் இலங்கையிலிருந்த பிரித்தானிய வணிக நிறுவனங்களின் கதையை ஒரு நூலாகவும் எழுதினார். வணிகக் கணக்குக்குச் சரித்திர மதிப்பு உண்டென்று அவருக்குத் தெரிந்திருந்தது.

இவற்றிலெல்லாம் நான் கண்டது அதிகாரிகளின், சீமான்களின் அறைகள். பின்பக்கம் இருந்தவர்கள் இல்லை. விதிவிலக்காக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். கம்பளைக்கு அருகில் பழைய பீகொக் தோட்டத்தில் ஒரு லயத்தையே தேயிலைத் தொழிலாளர் அருங்காட்சியகமாக மாற்றியிருக்கிறார்கள். 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகம் அமைத்தது அது. காம்பராவுக்குள் அடுப்பும் கூடையும் கத்தியும் கடதாசிகளும் இருக்கின்றன. மலையக நண்பர்கள் தம் பின்வாசலைத் தாமே திறந்துகொண்டார்கள். நாம்?

இங்கேதான் என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அப்பாவின் கணக்குப் பேரேடுகள் 1936இலிருந்து வருடத்துக்கு ஒன்றாக இருந்தன. எல்லாம் அறபுத்தமிழில். மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816 - 1898) மார்க்க ஞானத்தை எழுதிய அதே எழுத்தில், எங்கள் அப்பா பாணும் மண்ணெண்ணெயும் எழுதினார். பள்ளிக்கூடம் போகாதவர், ஓதல் பள்ளியில் கற்ற எழுத்தே அவருடைய முழுக் கல்வி. பேரேட்டின் முற்பக்கத்தில் பங்களாக் கணக்கு. பிற்பக்கத்தில் லயத்துக் கணக்கு. பால் வெட்டுவோர், களை பிடுங்குவோர், புகைக்கூடத்து ஆட்கள் என்று ஒவ்வொருவரின் பெயரும், வாங்கிய சாமானும், திகதியும், பாக்கியும்.

1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1949இல் வந்த இந்திய - பாக்கிஸ்தானிய வதிவாளர் சட்டம், இலங்கையில் தொடர்ச்சியாக வசித்ததை நிரூபித்தால் பிரஜாவுரிமை தருவதாகச் சொன்னது. 1946 ஜனவரி முதலாம் திகதிக்கு முன்னர், மணமானவருக்கு 7 வருடம், மணமாகாதவருக்கு 10 வருடம். 1951 ஓகஸ்ட் மாதத்துடன் விண்ணப்பக் காலம் முடிந்தது. எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பித்தார்கள். சுமார் 1,34,000 பேருக்கே கிடைத்தது. சட்டத்தின் பெயரிலேயே ‘பாக்கிஸ்தானிய’ என்றிருந்ததைக் கவனியுங்கள். இந்திய வம்சாவளி முஸ்லிம்களும் இதே கதவைத் தட்டி நின்றவர்களே.

லயத்தில் கூலிக்கு வேலை செய்தவனிடம் ஏது பத்திரம்? இறப்பர் பால் வெட்டும் ஒருவர் அப்பாவிடம் வந்திருக்கிறார். “நானா, நான் இங்கயே இருந்தேனுங்கிறதுக்கு ஒங்க கணக்குதான் சாட்சி” என்றாராம். அப்பா ஏழெட்டு வருடப் பேரேடுகளைச் சாக்கில் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு அவரோடு ஓர் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி பக்கங்களைப் புரட்டிவிட்டு, இது என்ன பாஷை என்று கேட்டார். தமிழ் என்றார் அப்பா. தமிழ் தெரிந்த எழுதுவினைஞர் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர் இது அறபு என்றார். சாக்கு திரும்பி வந்தது. அந்த மனிதரின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. இதை எனக்கு வாப்பா சொன்னார்; அப்பா வாய்திறந்து சொன்னதேயில்லை.

1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தார்கள். மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்றார்கள். 1972இல் அந்த மனிதரும் குடும்பமும் தலைமன்னார்க் கப்பலுக்குப் புறப்பட்டார்கள். எனக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்பேபுஸ்ஸ ஸ்டேசனுக்கு அப்பாவோடு நானும் போனேன். கடைக் கடன் ஏதோ பாக்கி இருப்பதாக அவர் தலைகுனிந்து சொன்னார். அப்பா ஒரு பொதி பிஸ்கட்டைச் சின்னப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுப் பேசாமல் நின்றார்.

1976இல் அப்பா மௌத்தானார். முந்திய வருடம்தான் தோட்டக் கம்பனிகளை அரசு சுவீகரித்திருந்தது; வெள்ளைத் துரைமாரும் போய்விட்டார்கள். 1984இல் கடையைத் திருத்திக் கட்டினோம். பரணில் கறையான் ஏறிய பேரேடுகளை என்ன செய்வதென்று தம்பி கேட்டான். நான் ஓர் ஆசிரியன். அறபு எழுத்தும் தெரிந்தவன். பக்கத்தைத் திறந்து பார்த்திருந்தால் வாசித்திருப்பேன். திறக்கவில்லை. பழைய கடதாசிதானே, கருவாடு சுற்றட்டும் என்றேன். சித்திலெப்பையின் ‘முஸ்லிம் நேசன்’ 1882இல் வெளிவந்ததென்று வகுப்பில் பிள்ளைகளுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்த அதே வாய், தன் வீட்டுச் சரித்திரத்தைக் கருவாட்டோடு அனுப்பிவிட்டது. வேறு எவர் மீதும் இதற்குப் பழி போட முடியாது.

ஒரேயொரு தாள் மிஞ்சியது. சில வருடங்களுக்கு முன்னர் அப்பாவின் பழைய கிதாபு ஒன்றைத் துடைத்தபோது, அதனுள் நான்காக மடித்து வைத்திருந்தது கிடைத்தது. பேரேட்டிலிருந்து கவனமாகக் கிழித்தெடுத்த தாள். ஸ்டேசனில் நாங்கள் வழியனுப்பிய அந்த மனிதரின் கணக்கு. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குச் சட்டைத்துணி. அடியில் பாக்கி 37 ரூபா 45 சதம். அதன் குறுக்கே ஒரு கோடு. கோட்டின் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: ஹலால்.

அவருடைய கடனைப் பொறுத்துக்கொண்டேன் என்ற பொருளில் எங்கள் அப்பா எழுதிய சொல் அது. அதை நான் வேறொரு விதமாகவும் வாசிக்கிறேன். ஒரு நாடு கணக்கில் எடுக்க மறுத்த மனிதனை, ஒரு கடைக்காரர் தன் கணக்கிலிருந்து நன்றாக அனுப்பிவைத்த சொல்லாகவும். 2003ஆம் ஆண்டு 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியபோது அவர் இங்கே இல்லை.

சென்ற வருடம் அந்தப் பங்களாவுக்குப் போனேன். 1992இல் தோட்ட நிர்வாகங்கள் தனியாரிடம் போன பின் கைமாறி, இப்போது உல்லாசப் பிரயாணிகள் தங்கும் விடுதியாக இருக்கிறது. முன்வாசலில் நின்ற இளைஞன் “வாங்க சேர்” என்று சிங்களம் கலந்த தமிழில் வரவேற்றான். குரோட்டன் வேலி இல்லை. புல்வெளி இருக்கிறது, சிறுவயதில் நான் கற்பனை செய்த அளவுக்குப் பெரிதல்ல. விறாந்தைச் சுவரில் இங்கிருந்த துரைமாரின் பெயர்களை வருட வரிசைப்படி எழுதி மாட்டியிருந்தார்கள். தேநீர் வந்தது. குடித்துவிட்டு, பின்பக்கம் பார்க்கலாமா என்று கேட்டேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லையே என்று அவன் தயங்கினான், பிறகு கூட்டிப்போனான்.

குசினியை இடித்துப் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். கருங்கல் படிகள் மூன்றும் அப்படியே இருக்கின்றன. மூன்றாவது படியில் உட்கார்ந்தேன். இந்த இடத்தில் என்ன இருந்தது என்று அந்த இளைஞன் கேட்டான். ஒரு கடைக்காரர் இருந்தார் என்று தொடங்கி, ஒரு மணிநேரம் சொன்னேன். அவனுடைய பாட்டியும் பால் வெட்டியவர் என்பது அப்போதுதான் தெரியவந்தது. தாளின் போட்டோப் பிரதியொன்றை, தமிழ் எழுத்திலும் சிங்களத்திலும் பெயர்த்து, அவனிடம் கொடுத்திருக்கிறேன். துரைமாரின் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் அதை மாட்டுவார்களோ, மாட்டார்களோ. மாட்டச் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

இதை வாசிக்கும் நீங்கள் மாவனெல்லையிலோ ஹெம்மாத்தகமவிலோ, எஹலியகொடையிலோ, பலாங்கொடையிலோ இருக்கலாம். உங்கள் மூத்தவர்களும் ஏதோ ஒரு தோட்டத்தின் பின்வாசலுக்குச் சாமான் கொண்டு போயிருப்பார்கள். பரணில் ஒரு கொப்பி இருக்கக்கூடும். அறபுத்தமிழ் வாசிக்கத் தெரிந்த கிழடுகள் இன்னும் சிலர் ஊரில் இருக்கிறோம். கறையானுக்கு முன்னே அதைத் திறந்து பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் எங்களிடம் கொண்டுவாருங்கள். தயவுசெய்து என்னைப்போல் கருவாடு சுற்றக் கொடுத்துவிடாதீர்கள்.